கீரைப் பொடியும் தூக்காத கையும்

நைனா,

நேற்று சாயங்காலம் நீ போன் செய்தபோது நான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கை முழுக்க வெள்ளை. முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை விமானம் என்றாய். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அறை கொடுத்துவிட்டார்கள், குளிருக்குக் கோட்டு வாங்கிவிட்டேன், நீயும் அப்பாவும் ஏர்போர்ட்டுக்கு வரணும், உன் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வா என்றாய். பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்புறம்தான் குரலை இறக்கினாய். "மா, வியாழக்கெழம காலேஜு விசாரணை கமிட்டியில உன்ன கூப்புடுவாங்க. புள்ளைங்க பொடிய வூட்ல பிரிச்சிக் குடுத்தது என் புள்ளைக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடு. வேற எதுவும் பேச வாணாம்." லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனுக்கு ஒரு கேடும் இல்லை.

போனில் பேசினால் நான் கத்துவேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை மைதானத்தில் விரட்டிய தொண்டை இது, மெதுவாகப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டி அனுப்பப் போவதில்லை. என் கபடிப் பிள்ளைகள் படிக்கட்டும், அவர்களைப் பெற்றவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். நீ செய்தது நாலு பேர் நடுவில் நடந்தது. அதற்குப் பதிலை மட்டும் காதோடு காதாகச் சொல்வது என்ன நியாயம்?

உனக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டாலும் நினைவுபடுத்துவேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது தாமல் ஏரிக்கரை ஓரம் பள்ளிகளுக்கிடையே கபடி. நீ பையன்கள் அணியில் வலது ஓரத்தில் நின்றாய். எங்கள் பள்ளியில் நான் வந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எதிராளி பாடி வந்து உன்னைத் தொட்டுவிட்டால், நடுவர் பார்த்தாரோ இல்லையோ, நீயே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்கார வேண்டும். தொட்டது உன் தோலுக்குத் தெரியும், அதற்கு மேல் எதற்கு நடுவர்? மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இந்த டீச்சரம்மா அரிச்சந்திரன் பரம்பரை" என்று கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு இறுதி ஆட்டம். எதிரணிப் பையனின் கால் நகம் உன் கெண்டைக்காலில் பட்டது. நடுவர் பார்க்கவில்லை, எதிரணிக்கே தெரியவில்லை. நீ கையைத் தூக்கினாய். அந்தப் பாயிண்டில்தான் நம் அணி தோற்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் கூட்டாளிகள் யாரும் உன் பக்கத்தில் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு உத்திரமேரூர் வரும்வரை அழுதாய். நான் உன்னைத் தேற்றவும் இல்லை, பாராட்டவும் இல்லை. முறையாகச் செய்ததற்கெல்லாம் பாராட்டு கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நினைத்தேன். ஆனால் தெருவுக்கு வந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நம் பின்வீட்டுக் கன்னியம்மா, நாற்று நட்டு வந்த சேற்றுக் காலோடு நின்று கேட்டுவிட்டு, "யக்கா, உன் புள்ளைக்குப் பொய் சொல்லவே வராது" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துச் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்தேன் தெரியுமா?

நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது நம் காலனி முனையில் உன் படத்தைப் போட்டு பேனர் கட்டினார்கள். அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தும் வரப்பு அண்டை வெட்டியும் பிழைக்கிற சனம். நம் தெருவிலிருந்து ஒருவன் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான் என்றால் அது உன் பட்டம் மட்டும் இல்லை. உன் அப்பா சித்தாள் வேலையிலிருந்து மேஸ்திரி ஆனவர், வாயைத் திறந்து எதையும் காட்டிக்கொள்ள மாட்டார். அவரே அந்த பேனருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ இன்னும் அவர் போனில் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் நீ முருங்கைக் கீரைப் பொடியோடு வந்தாய். நீ எனக்குப் புரியவைத்த விதம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது, நல்ல வாத்தியாராக வரவேண்டியவன் நீ. உடம்பு ஓடிக் களைக்கும்போது உள்ளே இரும்பில் துரு பிடிக்கிற மாதிரி ஒன்று நடக்கிறது, கீரையில் இருக்கிற சத்து அந்தத் துருவைத் தடுக்குமா, ஆடுகிற பிள்ளைகளுக்கு அலுப்பு சீக்கிரம் போகுமா என்று பார்க்க வேண்டும் என்றாய். பாதிப் பிள்ளைகளுக்கு நிஜப் பொடி, பாதிப் பிள்ளைகளுக்குப் பச்சை நிறம் கலந்த வெறும் மாவு, யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் ஏமாற்று இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வோம் என்றாய். எனக்குச் சரியாகப் பட்டது. இந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து ஒரு நல்ல காரியம் கண்டுபிடிக்கிறாய் என்று பெருமையாகவும் இருந்தது.

பெற்றவர்களிடம் சம்மதம் வாங்க வீடு வீடாகப் போனது யார்? நீ இல்லை, நான். ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள் என்றதும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். கன்னியம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவள் பெண் வெண்ணிலாதான் எங்கள் அணித் தலைவி, உனக்குத் தெரியும். "பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதே யக்கா?" என்றாள். என் பிள்ளை செய்கிற வேலை, நான் இருக்கிறேன் என்று சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கைநாட்டு வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். உன் படிப்பை நம்பி யாரும் வைக்கவில்லை நைனா. தாமல் ஏரிக்கரையில் நீ தூக்கின கையை நம்பி வைத்தார்கள்.

பொட்டலங்களை வாராவாரம் மொத்தமாகக் கொடுத்து, வீட்டில் தினம் காலையில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னாய். அங்கேதான் நீ நம் தெருவை மறந்துபோனாய். சத்துப் பொடி என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால், ஒரு பெண் பிள்ளை அதைத் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து குடிப்பாளா? நீயே குடித்திருப்பாயா? உனக்குப் பள்ளியில் சத்துணவு முட்டை கொடுத்தால் பாதியைக் காகிதத்தில் சுற்றி உன் தங்கைக்குக் கொண்டுவருவாயே. ஒருநாள் காலையில் நான் பயிற்சிக்கு வராத வெண்ணிலாவைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கஞ்சி பச்சையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. என்னடி இது என்றேன். "அண்ணன் குட்த்த சத்துப் பொடிதான் மிஸ். எங்க அண்ணி முழுகாம கீது. அவளுக்குத்தான் மொதல்ல" என்றாள், நான் மெச்சுவேன் என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டு. விசாரித்தால் எல்லா வீட்டிலும் அதே கதை. ஒருத்தி வீட்டில் குழம்பில் போயிருக்கிறது, ஒருத்தி இருமல்காரத் தாத்தாவுக்குக் கொடுத்திருக்கிறாள். கசக்கிறது என்று ஒருத்தி, சப்பென்று இருக்கிறது என்று இன்னொருத்தி, ஆளுக்கு ஆள் பொட்டலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நிஜப் பொடி யார் வயிற்றில், மாவு யார் வயிற்றில் என்று அந்த முருகனுக்கே தெரியாது.

எனக்குக் கர்ப்பிணிப் பெண்ணை நினைத்துத்தான் பதறியது. அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீ அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது, "யார்கிட்டயாவது சொன்னியா மா?" என்று. அப்போதே எனக்கு உள்ளே ஒன்று இடறியது. ஆனாலும் படிப்புச் சுமை, பையன் பயந்துபோயிருக்கிறான் என்று நானே உனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், இனிமேல் மைதானத்தில் என் கண் முன்னாலேயே குடிக்கவைக்கிறேன் என்று சொன்னேன். பேராசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார், நேரம் இல்லை என்றாய். பிறகு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். பார்த்துக்கொள்வது என்றால் சரிசெய்வது என்று நான் புரிந்துகொண்டேன். மூடி மறைப்பது என்று உன் அகராதியில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி விழா நடந்த அன்றைக்கு என்னைக் கூட்டிப்போனாய். உன் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிற வராந்தாவில் வரிசையாக அறைகள். முதல் அறையில் ஷர்மிளா என்ற பெண், செல்போனுக்குள் கம்ப்யூட்டருக்குள் வைக்கிற சில்லு செய்கிற பொருளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு வில்லையைக் காட்டினாள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இதற்குள் அணுக்கள் வரிசை வரிசையாக இருக்கும்மா, எங்கேயோ ஒன்று இடம் காலியாக இருக்கும், ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும், அந்தக் குறையைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்றாள். கல்யாணம் ஆக வேண்டிய வயசில் குறை தேடிக்கொண்டு இருக்கிறாயே என்று கேலி செய்தேன். சிரித்துவிட்டு, "குறை இருக்கறது தப்பில்ல மா. சில குறைய நாங்களே வேணும்னு வெக்கறோம். எங்க இருக்குன்னு எழுதாம வுட்டாத்தான் தப்பு" என்றாள். அடுத்த அறையில் ஒரு பையன் பேட்டரியில் மின்சாரத்தைச் சேமிக்கிற ஆராய்ச்சி. ஒரு சின்ன பேட்டரியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அது செத்துப்போகும்வரை விடமாட்டானாம். நல்லாயிருந்ததை ஏன்டா கொன்றாய் என்று கேட்டேன். எப்படிச் செத்தது என்று எழுதினால்தான் அடுத்தது நிறைய நாள் உழைக்கும் என்றான். எனக்கு அந்த இரண்டு பிள்ளைகளையும் ரொம்பப் பிடித்துவிட்டது. தோற்றதை மறைக்காமல் எழுதுகிறார்கள், நம் மைதானத்து வழக்கம்தான் இங்கேயும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ பேசுகிற அரங்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ மேடையில் கோட்டும் சூட்டுமாக நின்று இங்கிலீஷில் பேசினாய். திரையில் ஒரு கோடு மேலே மேலே ஏறியது. எல்லோரும் தட்டினார்கள், நானும் கை வலிக்கத் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்த ஷர்மிளாவிடம் என்னம்மா சொல்கிறான் என்று கேட்டேன். அவள் சந்தோஷமாகத் தமிழில் சொன்னாள். பிள்ளைகள் ஒருநாள் விடாமல் பொடியைக் குடித்தார்கள், அவர்களுடைய பயிற்சியாளர் தினமும் நேரில் நின்று பார்த்துக்கொண்டார், அந்தப் பயிற்சியாளர் என் அம்மா, இதோ முன்வரிசையில் இருக்கிறார் என்று சொல்கிறான் என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். எழுந்து கும்பிடுங்கள் மா என்று ஷர்மிளா என் முழங்கையைத் தட்டினாள். எழுந்து கும்பிட்டேன் நைனா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோற்றைப் பெற்றவள் கையாலேயே பரிமாறவைத்தவன் நீதான்.

வெளியே வந்ததும் மரத்தடியில் நிறுத்திக் கேட்டேன். அது சும்மா ஒரு வார்த்தை மா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், அச்சுக்குப் போவதற்கு முன்னால் திருத்திவிடுகிறேன் என்றாய். என் தலையில் கை வைத்தும் சொன்னாய். நான் நம்பினேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? நீ திருத்தவில்லை. அப்படியே அச்சானது. அதைக் காட்டித்தான் வெளிநாட்டில் இடம் வாங்கியிருக்கிறாய்.

இத்தோடு நின்றிருந்தால்கூட நான் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. வேறொரு ஊரில் யாரோ நீ எழுதியபடியே செய்து பார்த்தார்களாம், நீ சொன்னது வரவில்லையாம், கல்லூரிக்கு எழுதிக் கேட்டுவிட்டார்கள். கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்கு நீ என்ன பதில் கொடுத்தாய்? அந்தப் பிள்ளைகள் என்னை ஏமாற்றிவிட்டார்கள், குடித்தோம் என்று பொய் சொல்லிப் பொடியை வெளியே கொடுத்துவிட்டார்கள், எனக்கு இப்போதுதான் தெரியவந்தது என்று கொடுத்தாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? கல்லூரியிலிருந்து இரண்டு பேர் எங்கள் பள்ளிக்கே வந்து, தலைமையாசிரியை முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, உன் பதிலை வாசித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

அப்புறம் அவர்கள் கேட்டார்கள், பொடியை எடுத்து விற்றீர்களா என்று. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வெண்ணிலா கையைத் தூக்கினாள். விசாரிக்க வந்தவர்கள், அந்தப் பெண் ஏதோ கேள்வி கேட்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும் அது எந்தக் கை என்று. "விக்கல சார். வூட்ல எல்லாருக்கும் குட்த்தேன். மிஸ் பாத்துட்டு அப்பவே அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்க. அண்ணனுக்குத் தெரியும்" என்றாள். வந்தவர்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை, நான் பேச வாயெடுத்ததையும் கேட்கவில்லை, உன் பேச்சுக்கு எதிரான பேச்சு என்பதால் என்னைத் தனியாக வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். தலைமையாசிரியை அன்றே வெண்ணிலாவை அணியிலிருந்து நீக்கினார். இந்த மாத முடிவில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு இருக்கிறது. அந்தப் பெண் அதற்காகத்தான் இரண்டு வருஷமாகக் காலையில் விடியும் முன்னே மைதானத்துக்கு வந்தாள். கமிட்டி முடிவு வரும்வரை பள்ளி அவளை அனுப்பாது. தெருமுனையில் நிற்கிற பையன்கள் எங்கள் அணிக்கு 'பொடி திருடி டீம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நைனா, நம் சனத்தைத் திருடர்கள் என்று வெளியாட்கள் சொன்னால் எனக்குப் பழக்கம். அறுவடைக் களத்திலிருந்து திரும்பும் பெண்களின் மடியை உதறிக் காட்டச் சொல்வார்களாம், என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளியில் பந்து காணாமல் போனால் முதலில் நம் தெருப் பிள்ளைகள் பையைத்தான் சோதிப்பார்கள். அதற்கெல்லாம் சண்டை போட்டுத்தான் நான் இந்த வழக்கத்தையே கொண்டுவந்தேன். தொட்டால் கை தூக்கு, யாரும் நம்மைச் சோதிக்க இடம் கொடுக்காதே என்று. எங்கள் மேல் எறிய வெளியாட்கள் கல் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தது என் வயிற்றில் பிறந்தவன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்தால் பரவாயில்லை, மேய்ந்துவிட்டுப் பயிர் மேலேயே பழியையும் போட்டாய்.

அன்றைக்குக் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகப் போனேன். அவள் திட்டவில்லை. மருமகள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறாள், பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை, தரையில் அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். "டீச்சர், உங்க புள்ளைக்கு நாங்க இன்னா பண்ணோம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். யக்கா போய்விட்டது நைனா. டீச்சர் ஆகிவிட்டேன், நீங்க ஆகிவிட்டேன். அந்த நாற்காலியில் உட்காரவும் முடியாமல் திரும்பி வரவும் முடியாமல் நின்றேன். உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

உன் அப்பா, "புள்ள வாழ்க்க அது. கண்டுக்காம வுடு" என்கிறார். ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை, ஆனால் அதைத்தான் சொல்கிறார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று அவருக்குப் பதில் சொன்னேன். உனக்காக என் வயிற்றைப் பட்டினி போட்டிருக்கிறேன், இன்னமும் போடுவேன். என் வாயைக் கேட்காதே.

உனக்குக் கோபம் வரும். அம்மாவுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும் என்பாய். ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஷர்மிளாவிடம் நேற்று போனில் பேசினேன். நடந்ததை முழுசாகச் சொன்னேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்புறம், அவன் இதையே எழுதியிருக்கலாமே மா, இந்த ஊரில் பிள்ளைகள் எதையும் தனியாகச் சாப்பிட மாட்டார்கள், அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் ஆராய்ச்சி நிற்காது என்று எழுதியிருந்தாலே நாலு பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும் என்றாள். நான் அதைக் கேட்டு அழுதுவிட்டேன். உனக்குக் கிடைத்த ஒரே உண்மையான முடிவு அது. அது நம் பிள்ளைகளின் நல்ல குணம். அதைத்தான் திருட்டு என்று எழுதிக் கொடுத்தாய்.

வியாழக்கிழமை நான் உண்மையைச் சொல்லப் போகிறேன். எப்போது பார்த்தேன், எப்போது உனக்குச் சொன்னேன், நீ என்ன கேட்டாய், மரத்தடியில் என் தலைமேல் கை வைத்து என்ன சொன்னாய், எல்லாம். அதனால் உன் ஞாயிற்றுக்கிழமை விமானம் போய்விடலாம். பட்டமும் போகலாம். இதை எழுதும்போதுகூட, அந்த இடம் உனக்கு எப்படியாவது இருந்துவிடக் கூடாதா என்றுதான் உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கபடியில் அவுட் ஆனவன் ஆட்டத்தை விட்டே போய்விடுவதில்லை, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் உட்காருவான். அவன் அணி பாயிண்ட் எடுத்தால் திரும்பவும் உள்ளே வருவான். ஆனால் அவுட்டே இல்லை என்று நடுவரோடு மல்லுக்கட்டினவனை அட்டை காட்டி அனுப்பிவிடுவார்கள், அவனுக்கு அந்த ஆட்டம் முடிந்தது. வீட்டுக்கு வா. கஞ்சியோ கூழோ உனக்கு இருக்கிறது. அந்தப் பொடி ஆராய்ச்சியை மறுபடி செய்ய உன்னை யாராவது விட்டால், என் மைதானத்தில் என் கண் முன்னால் குடிக்கவைத்துச் செய்யலாம். கன்னியம்மாவிடம் மறுபடி கைநாட்டுக் கேட்க வேண்டியவன் நீ. அதற்கு நான் துணைக்கு வரமாட்டேன். அவள் உனக்கும் நாற்காலி போடுவாள். அதில் நீ எப்படி உட்காருகிறாய் என்று பார்ப்போம்.

விசாரணை காலை பதினொரு மணிக்கு. நான் திருப்புலிவனம் வழியாக வருகிற பஸ்ஸில் வருவேன், கொஞ்சம் முன்னதாகவே வந்து அந்த மரத்தடியில் நிற்பேன். வெண்ணிலாவும் என்னோடு வருகிறாள். கன்னியம்மா அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், இன்னும் டீச்சர் என்று கூப்பிட்டுத்தான். முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் எழுந்து உள்ளே போக உனக்குக் கொஞ்ச நேரம் இருக்கும். உன்னைத் தொட்டது உனக்குத் தெரியும். போய்க் கையைத் தூக்கு நைனா. பெற்றவளை விசில் ஊதவைக்காதே.